கறையைச் சுற்றி ஓடிய சக்கரம்

முதன்முதலில் அதைப் பார்த்தபோது சோமாசுக் கரண்டி என்றுதான் நினைத்தேன். தீபாவளிக்குச் சோமாசு ஓரம் வெட்டுவோமே, அதே மாதிரி ஒரு கைப்பிடி, முனையில் சுழலும் சக்கரம். பத்து ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும். "இதுலயா துணி வெட்டுவீங்க?" என்று விரலை நீட்டினேன். அதைக் கொண்டுவந்திருந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பிடித்த பிடி வலித்தது.

"தொடாதம்மா. பட்டது தெரியாது. ரத்தம் வந்தப்புறந்தான் தெரியும்."

சொல்லிவிட்டுத் தன் இடது ஆள்காட்டி விரலைக் காட்டினார். நுனியில் சதை இல்லாமல் தட்டையாக இருந்தது.

செஞ்சி காந்தி பஜாரில் எங்களுக்குத் தையல் சாமான் கடை. நூல், பட்டன், லைனிங், எலாஸ்டிக், சேலைக்கு ஃபால்ஸ். மாமனார் காலத்துக் கடை. அவருக்குப் பிறகு என் கணவரும் நானும் பார்த்துக்கொள்கிறோம். கடைக்குப் பின்னால் சரக்கு அடைக்கிற நீள அறை ஒன்று காலியாகக் கிடந்தது. அதை வாடகைக்குக் கேட்டு வந்தவர்தான் இந்த அக்கா. சொந்த ஊர் தொண்டூர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பி.ஏ. முடித்துவிட்டு, புதுச்சேரிப் பக்கம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற பிரிவில் பல வருஷம் இருந்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒரு பச்சை ரப்பர் மேட், கோடு போட்ட கண்ணாடி ஸ்கேல், பெரிதும் சின்னதுமாக இரண்டு வட்டக் கத்தி, ஒரு பழைய மிஷின். இவ்வளவோடு வந்து நின்றார்.

என் கணவர் அறையைக் கொடுக்கக் கொஞ்சம் தயங்கினார். காரணத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. "தொண்டூர்ல எந்தத் தெரு?" என்று மட்டும் கேட்டார். அக்கா தெருவைச் சொன்னார். சொல்லிவிட்டு, "இன்னும் எதுனா கேக்கணுங்களா?" என்றார். இவர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

பெரிய கத்தியை அக்கா அதிகம் தொட்டதில்லை. நீளமாகப் பட்டை போடும்போது மட்டும் எடுப்பார். கையில் எப்போதும் சின்னதுதான். மாங்காய், இலை, தாமரை இதழ் என்று வளைந்து வருகிற எதையும் அதில்தான் வெட்டுவார். மூலையில் மடிப்புக்குள் தடித்து நிற்கிற துணியைச் செதுக்குவது அதில்தான். சட்டைப் பையைத் தையலோடு ஒட்டிக் கழற்றி எடுப்பதும், சாய்வாகப் பட்டை வெட்டி ஓரம் கட்டுவதும் அதில்தான். பிளேடு மழுங்கிவிட்டால் தூக்கிப் போடாமல் அட்டையில் மாதிரி வெட்ட வைத்துக்கொள்வார். கத்தரிக்கோல் துணியைத் தூக்கும், தூக்கினால் நகர்ந்துவிடும் என்பார். சக்கரம் அப்படியில்லை. துணி படுத்தது படுத்தபடி இருக்க, தூங்குகிறவரை எழுப்பாமல் பக்கத்தில் நடந்து போகிற மாதிரி அது போகும். ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் கட்டைவிரலால் மூடியைத் தள்ளுவார். டக் என்று ஒரு சத்தம். கடையில் உட்கார்ந்தபடி அந்தச் சத்தத்தை வைத்தே அவர் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

"பெருசு நேரா போவும். குறுக்க எதுனா வந்தா அதையும் வெட்டிக்கினு போவும். சின்னதுதாம்மா சுத்திக்கினு போவும்," என்பார்.

அவரும் அப்படித்தான். எதையும் சுற்றிக்கொண்டு போகிறவர். கண்ணில் படக்கூடாத ஒன்று துணியில் இருந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம். இருந்த சுவடே தெரியாது. அந்த இடத்தில் ஒரு பூ உட்கார்ந்திருக்கும். பல காலம் அதை நான் கைத்திறன் என்று மட்டுமே நினைத்தேன்.

முதலில் கோட்டை பார்க்க வருகிறவர்களுக்குச் சின்னச் சின்னப் போர்வைகள் தைத்தார். பிறகு பிள்ளை பிறந்த வீடுகளுக்கு. இறந்தவர் துணி வர ஆரம்பித்தது ஒரு டீச்சரால்.

எங்கள் பக்கம் செத்தவர் துணியை வீட்டில் வைக்கமாட்டார்கள். காரியம் முடிந்த கையோடு யாருக்காவது கட்டிக் கொடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் ஏரிக்கரையில் போட்டுவிடுவார்கள். அந்த டீச்சருக்கு மனம் வரவில்லை. ஒரே பிள்ளை, காலேஜில் படித்துக்கொண்டிருந்தவன், திண்டிவனம் ரோட்டில் பைக்கோடு லாரிக்கு அடியில் போய்விட்டான். டீச்சர் துணிப்பையோடு கடையில் வந்து நின்று, தேவையில்லாத நூற்கண்டு ஒன்றை வாங்கினார். போகவில்லை. கடைசியில், "பின்னால ஒருத்தங்க பழைய துணியில போர்வை தைப்பாங்களாமே" என்றார்.

அக்கா பையை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு தடவை கேட்டார். "வெட்டட்டுங்களா? வெட்டிட்டா திரும்பி வராது."

டீச்சர் தலையை ஆட்டினார்.

அன்று மத்தியானம் நான் பின்னறையில் இருந்தேன். அக்கா ஒவ்வொரு சட்டையையும் விரித்து, பைகளில் கைவிட்டுப் பார்த்தார். ஒரு சீப்பு, ஒரு பஸ் டிக்கெட். இரண்டையும் ஒரு கவரில் போட்டு வைத்தார். இன்னொரு பையிலிருந்து கசங்கிய பாக்குத்தூள் பொட்டலம் வந்தது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதைக் கொல்லைப்புறத்துப் பெயின்ட் டின்னில் போட்டார். டீச்சர் கொண்டுவந்த துணிப்பையின் அடியில் ஆஸ்பத்திரியில் கிழித்து எடுத்த சட்டையும் இருந்தது. டீச்சர் துவைத்துத்தான் கொண்டுவந்திருந்தார். ஆனாலும் காலருக்கு உள்பக்கம், தோள் தையல் ஓரம், பழுப்பாக ஒரு வரைபடம் மாதிரி நின்றது. அக்கா அதைச் சுற்றிச் சக்கரத்தை ஓட்டினார். நிதானமாக, ஓரிடத்திலும் நிற்காமல். டக். வெட்டிய துண்டுகள் டின்னுக்குப் போயின. தீக்குச்சி கிழித்துப் போட்டு, எரிந்து முடியும்வரை பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

போர்வை முடிந்ததும் டீச்சர் விரித்து எதையோ தேடினார். "அந்தச் சட்டை?"

"இருக்குது," என்று நீலக் கட்டம் போட்ட ஒரு துண்டைத் தொட்டுக் காட்டினார் அக்கா. டீச்சர் அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கடைக்கு வந்த ஆட்கள் வெளியிலேயே காத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்துகொண்டே இருந்தன. வெள்ளைத் துணிப்பொட்டலமாக, கட்டைப்பையாக, பாலித்தீன் கவரில். வெளியே யாரும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் தெருவில் பெரிய வீட்டு அம்மா ஒருவர், அக்கா காதில் விழும்படியே என்னிடம் சொன்னார்: "சாவுத்துணிய இவ்ளோ தைரியமா எடுக்குறாங்களே. ம்... அவங்களுக்கு இதெல்லாம் புதுசா இன்னா?" என் முகம் சூடாகிவிட்டது. பின்னறையில் சக்கரம் ஓடுகிற சத்தம் ஒரு கணம்கூட நிற்கவில்லை. மறு வாரம் அதே அம்மா இறந்துபோன தன் தங்கையின் சேலைகளோடு வந்தார். அவற்றையும் அக்கா வாங்கிக்கொண்டார்.

அந்தப் பாக்குப் பொட்டலம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் கேட்டுவிட்டேன். "அது அவங்க புள்ளையோடதுதானேக்கா? நாம யாரு எடுத்துப் போட?"

அக்கா ஸ்கேலைத் துடைத்துக்கொண்டே பேசினார். அவருடைய அப்பா கல்குவாரியில் வேலை பார்த்தவர். வெடி வைத்தபோது விலகி ஓட நேரமில்லை. யாரோ சட்டையைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார்கள். அம்மா அதைத் துவைக்கவில்லை, எரிக்கவில்லை. அப்படியே வீட்டுக்குள் ஆணியில் மாட்டிவிட்டார்.

"அந்தச் சட்டையப் பாத்துக்கினுதாம்மா சோறு துன்னோம். படிச்சோம். நானு வயசுக்கு வந்தப்பக்கூட அதுக்கு அடியிலதான் உக்கார வச்சாங்க. நைனா முகம் எனக்கு மறந்துபோச்சு. அந்தக் கறை மட்டும் மறக்கல. எந்த எடத்துல எம்மாம் பெருசுன்னு இப்பகூட வரைஞ்சி காட்டுவேன்." பிறகு, "செத்தவங்கள நெனைக்கணும்னா கறை இருக்கக்கூடாது. கறை இருந்தா அதத்தான் நெனைப்போம்," என்றார்.

அவர் சொன்னது சரி என்றே எனக்குப் பட்டது.

போர்வை கேட்டு ஒரு மாமியார் வந்தது ஆடி மாதம். காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலை. ஊரில் மதிப்பான குடும்பம். இடுப்பில் பேரன், ஒரு வயது நிரம்பவில்லை. மருமகள் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இறந்துபோய் மூன்று நான்கு மாதம் ஆகியிருந்தது. தளவானூர்ப் பெண். சேலைக்கு மேட்ச் நூல் வாங்க இரண்டொரு தடவை எங்கள் கடைக்கு வந்திருக்கிறாள். மெல்லிய குரல் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்கு நினைவில்லை.

"கொயந்த அம்மாவத் தேடுதும்மா," என்று அந்த மாமியார் அழுதார். பொய்யான அழுகை இல்லை. "அவ துணியில எதுனா தச்சிக் குடுத்தா போத்திக்கினு தூங்கும்." பொட்டலத்தில் நாலைந்து சேலையும் சில நைட்டிகளும் இருந்தன. எல்லாம் துவைத்து மடித்தவை. குழந்தை அக்காவின் கண்ணாடி ஸ்கேலைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது. அக்கா சிரித்து அதன் கன்னத்தைத் தட்டினார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். "வெட்டுங்க," என்றார் மாமியார்.

அன்று மத்தியானம் கரண்ட் இல்லை. அக்கா பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, நைட்டிய யாராச்சும் அயன் பண்ணுவாங்களா?"

"நைட்டிக்கு எதுக்குக்கா அயன்? சேலைக்கே நேரமில்ல," என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் சக்கரம் ஓடியது. டக். பிறகு நீண்ட இடைவெளி. டக். மறுபடி இடைவெளி. மூன்றாவது டக் கேட்டபோது எனக்கு ஏனோ எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றியது. உள்ளங்கையில் மூன்று துண்டுகளை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மஞ்சளில் ஒன்று, ரோஸில் ஒன்று, வெள்ளையில் பூப்போட்டது ஒன்று. மூன்றிலும் அரசிலை வடிவத்தில், முனை கூராக, பழுப்பேறித் தீய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையை மூடிக்கொண்டு கொல்லைக்குப் போனார். பெயின்ட் டின்னிலிருந்து வந்த புகையில் பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது.

போர்வை அழகாக அமைந்தது. பஞ்சு வைக்காமல், உள்ளே ஒரு பச்சைச் சேலையை மடித்துக் கொடுத்து, மேலே நைட்டித் துண்டுகளும் சேலைத் துண்டுகளும். மூன்று இடத்தில் தாமரை இதழ். மாமியார் வந்து வாங்கிக்கொண்டு போனார். குழந்தை அந்த இதழ்களைத்தான் முதலில் தொட்டது.

பிறகு பல மாதம் கழித்து, கடலை பிடுங்குகிற நாளில், ஒரு பெரியவர் வந்தார். வேட்டி விளிம்பில் செம்மண். தளவானூரில் இருந்து வருவதாகச் சொன்னார். மாடிப்படியில் விழுந்த அந்தப் பெண்ணின் அப்பா. மகள் விழுந்துவிட்டாள் என்று தகவல் வந்து இவர்கள் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி, மாலை போட்டு, முகம் மட்டும் தெரிகிற மாதிரி மூடி வைத்திருந்தார்களாம். அன்று சாயங்காலமே எரித்துவிட்டார்கள். குளிப்பாட்டிய பெண்களில் ஒருத்தி இத்தனை மாதம் வாயைப் பூட்டி வைத்திருந்துவிட்டு, இப்போது மனசு கேட்காமல் வந்து சொல்லியிருக்கிறாள். முதுகில் தீப்புண் ஆறிய தழும்புகள் இருந்தன என்று.

"எம் பொண்ணு துணிங்க உங்ககிட்ட வந்துச்சுன்னு சொன்னாங்க," என்றார் பெரியவர்.

அக்கா மிஷினை நிறுத்தினார். ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். எரிந்துபோனதை யார் கேட்கப் போகிறார்கள்?

"வந்துச்சுங்கய்யா. மூணு நைட்டி. மூணுலயும் முதுகுப் பக்கம். அயன் பாக்ஸ் மூக்கு வச்ச மாதிரி தீஞ்சிருந்துச்சு."

"அது எங்கம்மா இருக்குது?"

"வெட்டி எடுத்துட்டேன். எரிச்சிட்டேன்."

பெரியவர் உட்கார இடம் தேடினார். நான் ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். உட்கார்ந்தார்.

"ஏம்மா எரிச்ச?"

"கொயந்த மேல அது படக்கூடாதுன்னு."

"எங்க மேல பட்டிருக்கலாமேம்மா," என்றார் அவர். குரலில் கோபமே இல்லை.

அவர் போன பிறகு நான், "உங்களுக்கு எப்படிக்கா தெரியும், ஏதோ பழைய கறைன்னு நெனச்சிருப்பீங்க" என்று சமாதானம் சொல்லப் பார்த்தேன். அக்கா அதை ஏற்கவில்லை.

"தெரியாமலாம் இல்ல. தெரிஞ்சிதான் வெட்டுனேன். ஒண்ணுன்னா கை தவறும். மூணு எப்டி தவறும்? ஆனா அந்தம்மா அழுதாங்க. கொயந்த இடுப்புல இருந்துச்சு. கறைய எடுத்துட்டா போதும்னு கை தானா போச்சு." தன் வலது கையைப் பார்த்தார். "இத்தினி வருசம் இதயேதான் பண்ணிக்கினு இருந்திருக்கேன்."

தளவானூர்க்காரர்கள் புகார் கொடுத்தார்கள். என் கணவர் அக்காவைக் கூப்பிட்டு எச்சரித்தார். "நீங்க வாயத் தொறக்காதீங்க. சாட்சியை எரிச்சது நீங்கதான்னு உங்க மேலயே திருப்புவாங்க." அவர் பயந்தது நியாயம்தான். அந்தப் பெண்ணின் புருஷன் ஒருநாள் கடைக்கே வந்தான். வெள்ளை நூல் ஒன்று கேட்டான். நூலைக் கையில் வைத்து உருட்டியபடி பின்னறைப் பக்கம் பார்த்து, "அந்தக்கா நல்லா தைப்பாங்க. தைக்கிறதோட நிறுத்திக்கினா அவங்களுக்கு நல்லது," என்றான். நூலை வாங்காமலே போய்விட்டான். அக்கா எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வெளியே வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

விசாரணையில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். எரித்தேன் என்பதையும் சொன்னார். சொன்னதை எழுதிக்கொண்டார்கள்.

பின்னால் நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கு நிற்கவில்லை. உடம்பு இல்லை, துணி இல்லை. பார்த்ததாகச் சொன்ன பெண் பிறகு பார்க்கவில்லை என்றாள். அக்காவின் வார்த்தை மட்டும் இருந்தது, அது போதவில்லை. அந்தப் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். பஜாரில் யாரும் அக்காவைத் திட்டவில்லை, பொட்டலம் கொண்டுவருவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். துணியில் பார்த்ததை வெளியே சொல்கிறவள் என்று ஆகிவிட்டது. அப்படியும் வந்த ஒன்றிரண்டு பேரிடம் அக்கா முன்போல இல்லை. கறையை எடுக்காமல் துணியை அவர்கள் முன்னால் விரித்து, "இங்க இருக்குது, பாருங்க. பாத்துட்டு எடுக்கணுமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க," என்பார். புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் அதைப் பார்த்து அலறி, துணியை வாரிக்கொண்டு ஓடினாள். அக்கா தடுக்கவில்லை. அடுத்த வருஷம் அறையைக் காலி செய்துகொண்டு ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். கொஞ்ச நாள் போனில் பேசினோம். இப்போது அந்த நம்பர் வேலை செய்வதில்லை.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முன்னால் வருவது அவர் போன நாள் அல்ல. விழுப்புரத்தில் அந்த விசாரணை அலுவலகத்தில் கழிந்த ஒரு முற்பகல்.

குழந்தையின் போர்வையை வாங்கிப் பரிசோதித்திருந்தார்கள். பலமுறை துவைத்தது, ஒன்றும் கிடைக்கவில்லை. அக்காதான் கேட்டுக்கொண்டார், இதழுக்கு அடியில், மடிப்பின் ஓரத்தில், ஒரு நூலளவாவது தீய்ந்தது மிச்சம் இருக்கலாம், பிரித்துப் பார்க்கலாம் என்று. துணைக்கு என்னைக் கூட்டிப் போயிருந்தார். இரண்டு பக்கத்தாரும் வந்திருந்தார்கள். தளவானூர்த் தம்பதி ஒரு பக்கம். மாமியார், பேரனோடு, இன்னொரு பக்கம். குழந்தை நடக்கப் பழகியிருந்தது. மேஜைமேல் இருந்த போர்வையைப் பார்த்ததும் அதற்காகக் கையை நீட்டி அழ ஆரம்பித்தது.

அதிகாரி ஒரு பெண்மணி. நிதானமாகப் பேசினார். "பிரிங்கம்மா," என்றார்.

அக்கா ஊசியால் தையலை ஒவ்வொன்றாக நெம்பினார். அவர் தைத்த தையல் சுலபத்தில் விடவில்லை. தன் கை அன்று ஒரு தடவையாவது தப்பியிருக்க வேண்டும் என்று அவர் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருப்பார். எனக்கே அப்படித்தான் இருந்தது. முதல் இதழ் வந்தது. அடியில் மஞ்சள் துணியில் இலை வடிவ ஓட்டை. ஓரம் முழுக்கப் பளிச்சென்ற மஞ்சள். இரண்டாவது. ரோஸ், சுத்தமான ரோஸ். மூன்றாவதைப் பிரிக்கும்போது ஊசி அக்காவின் விரலில் குத்திவிட்டது. ரத்தம் துணியில் படாமல் சட்டென்று விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டார். வெள்ளைத் துணி. அதிலும் ஒன்றுமில்லை.

அதிகாரி லென்ஸ் வைத்து மூன்று ஓட்டையின் ஓரத்தையும் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு லென்ஸைக் கீழே வைத்தார்.

"ரொம்பச் சுத்தமா வெட்டியிருக்கீங்கம்மா," என்றார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

படம் எடுத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, போர்வையைக் குழந்தையிடம் கொடுத்துவிடலாம் என்றார்கள். அது கேவிக் கேவி அழுதுகொண்டிருந்தது. "இப்டியே குடுத்தா பிரிஞ்சிடும். தச்சிக் குடுத்துடறேன்," என்று அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்து, முதல் இதழை எடுத்து ஓட்டைமேல் வைத்தார்.

பெண்ணின் அம்மா எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். போர்வையைத் தன் பக்கம் இழுத்து, இலை வடிவ ஓட்டைக்குள் விரலை விட்டார். உள்ளே மடித்திருந்த பச்சைச் சேலை தெரிந்தது.

"இது நான் எடுத்துக் குடுத்த சேல," என்றார். "பொங்கலுக்கு."

அக்கா ஊசியைப் பிடித்தபடி இருந்தார்.

"எம்மாம் பெருசும்மா இருந்துச்சு? இந்த ஓட்டை அளவா?"

அக்கா எதையும் சுற்றிக்கொண்டு போகாமல் பதில் சொன்னார். "இதவிட ஒரு நூலு கம்மி. மஞ்சள்ல இருந்தது தோள்பட்டைக்குக் கீழ. ரோஸ்ல அதுக்குப் பக்கத்துல. வெள்ளையில இருந்தது இடுப்புக்கிட்ட. அதுதான் ரொம்பத் தீஞ்சிருந்துச்சு."

அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் இதழை அக்காவின் கையிலிருந்து மெதுவாக எடுத்தார்.

"மூடாதம்மா. அப்டியே இருக்கட்டும்."

அக்கா எதிர்ப்பக்கம் நின்ற மாமியாரைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு ஓட்டையின் விளிம்பைப் பிசிறு வராமல் நூலளவு உள்பக்கம் மடித்து, சுற்றிலும் சின்னத் தையலாகப் போட ஆரம்பித்தார். மூன்றையும் அப்படியே தைத்தார். நூலைப் பல்லால் கடித்தார். மூன்று இலையும் வாய் திறந்து, உள்ளே பச்சையாக இருந்தன.

அம்மா போர்வையை வாங்கி முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தானே நடந்து போய்ப் பேரனிடம் கொடுத்தார். அது அழுகையை நிறுத்திக்கொண்டது. அவர் அதைத் தூக்கவில்லை. தூக்க விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

மாமியார் ஓட்டைகளைப் பார்த்தார். அவருக்கு முன்பே தெரியுமா, அன்றுதான் தெரிந்ததா, எனக்குச் சொல்லத் தெரியாது. போர்வையைக் குழந்தையிடமிருந்து வாங்கி, அந்த மூன்றும் உள்பக்கம் போகிற மாதிரி மடித்து அதன் தோளில் போட்டுவிட்டு, வெயிலில் இறங்கி நடந்தார்.

கேட்டைத் தாண்டுவதற்குள் குழந்தை அதை இழுத்து விரித்துவிட்டது.